மூடி வைத்த பாட்டு

எங்கட அறையில் நாலு பேர். லப்டொப் ஒன்று, பிளக் பொயின்ட் ஒன்று. கம்பஸிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், திருநெல்வேலியில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற பழைய வீட்டின் பின்னறை அது. வீட்டுக்கார அன்ரி முன்பக்கம் இருக்கிறா. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுவதைவிட ஊர் சொல்லிக் கூப்பிடுவதுதான் கூட. மட்டக்களப்புக்காரி, அட்டன்காரி, மன்னார்காரி, முல்லைத்தீவுக்காரி. எல்லாரும் கலைப்பீடம், ஒரே பட்ச். இதில் எழுதுவது ஆர் என்று தேட வேண்டாம். நாலு பேரும் வாசித்து, இரண்டு இடத்தில் சண்டை பிடித்து வெட்டிப்போட்டுத்தான் அனுப்புகிறோம்.

லப்டொப் மட்டக்களப்புக்காரியினுடையது. முதலாம் வருசம் முடிகிற நேரம் அவளின் அம்மா சீட்டுக்காசையும், காப்பு அடகு வைத்த காசையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தது. அது அவளின் பெயரில் இருந்தாலும் அறையில் எல்லாருடைய அசைன்மென்டும் அதில்தான் பிறக்கும். அதுக்குள் அவளின் மச்சான் ஒருவர் ஹார்ட் டிஸ்கோடு கொடுத்த பாட்டுக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பழையது, இளையராஜா, ரஹ்மான், பைலா, திருவிழா நாதஸ்வரம் எல்லாம் ஒரே போல்டருக்குள், ஒரு ஒழுங்கும் இல்லாமல்.

பிரச்சினை தொடங்கினது நித்திரையில். அட்டன்காரிக்கு ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாலும் கண் மூடாது. போன் சார்ஜ் ஆகிற சின்னச் சிவப்பு லைற்றுக்கும் துணி போடுவாள். முல்லைத்தீவுக்காரிக்கு சத்தம் இல்லாவிட்டால் நித்திரை வராது. ஆரம்பத்தில் இது எங்களுக்கு விளங்கவில்லை. அவள் நடுச்சாமத்தில் எழும்பி இருப்பாள், நாங்கள் சோதனைப் பயம் என்று நினைத்தோம். பிறகு ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள். 2009இல் அவளுக்கு ஏழு வயது. "செல் விழுந்துகொண்டு இருக்கேக்க எல்லாரும் ஏதாவது கதைச்சுக்கொண்டு, கும்பிட்டுக்கொண்டு இருப்பினம். சத்தம் நிண்ட உடனதான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்துக்கொண்டிருப்பினம், அடுத்தது எங்க எண்டு. எனக்கு அந்த அமைதிதான் பயம்." அதுக்கு மேல் அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆக, ஒருத்திக்கு இருட்டு வேணும், ஒருத்திக்குச் சத்தம் வேணும். பாட்டுப் போடலாம் என்று முடிவெடுத்தோம், மெதுவாக.

போனில் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் யூடியூப் ஓடினால் திரை அணைந்த உடனே பாட்டும் நிற்கும். காசு கட்டினால் நிற்காது, அந்தக் காசு எங்களிடம் இல்லை. பாட்டை இறக்கி வைக்கலாம் என்றால் அவளின் போனில் இடம் இல்லை, முழுக்க லெக்சர் நோட்ஸும் வொய்ஸ் மெசேஜும். இயர்போன் அவள் போடவே மாட்டாள். காதை அடைத்தால் வெளியில் என்ன நடக்குது என்று கேட்காதாம். சத்தமும் வேணும், வெளியும் கேட்க வேணும். அப்படியானால் லப்டொப்தான்.

ஆனால் லப்டொப் என்பது வெளிச்சப் பெட்டி. பிரைட்னஸைக் கடைசி வரைக்கும் குறைத்துப் பார்த்தோம். அட்டன்காரி, "சுவத்துல நீலமா தெரியுதுடி" என்றாள். துவாயால் மூடினோம். துவாய்க்குள்ளால் நிலா மாதிரி ஒளி வந்தது, கீபோர்ட் பக்கம் சூடும் ஏறியது. சரி, மூடியே விடுவோம் என்று மூடினால், டக். பாட்டு நின்றுவிடும். மூடியைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும், ஒன்றும் நடக்காதது மாதிரி. இரண்டு மூன்று இரவு இப்படியே திறக்கிறதும் மூடுகிறதுமாகப் போனது.

நாங்கள் கலைப்பீடம், செற்றிங்ஸுக்குள் போகிறதென்றால் கொஞ்சம் பயம். மட்டக்களப்புக்காரிதான் துணிந்து உள்ளே போனாள். விண்டோஸில் கொன்ட்ரோல் பனலைத் திறந்து, பவர் ஒப்ஷன்ஸுக்குள் போனால், இடது பக்கத்தில் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவு செய்கிற ஒரு வரி இருக்கும். அதை அமத்தினால் இரண்டு நிரல் வரும். ஒன்று பட்டரியில் ஓடும்போது, மற்றது சார்ஜரில் இருக்கும்போது. ஒவ்வொன்றிலும் நாலு தெரிவு: டூ நத்திங், ஸ்லீப், ஹைபர்னேற், ஷட் டவுன். அவள் சார்ஜர் நிரலில் மட்டும் டூ நத்திங் என்று மாற்றி, சேவ் பண்ணிவிட்டு மூடினாள். பாட்டு நிற்கவில்லை. கொஞ்சம் அடங்கின குரலில், பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அறை முழு இருட்டு. அட்டன்காரி ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் நித்திரையாகிவிட்டாள்.

லப்டொப்புக்கு மூடி மூடினது எப்படித் தெரியும் என்று மன்னார்காரி கேட்டுக்கொண்டே இருந்தாள். விடை தற்செயலாகக் கிடைத்தது. ஒருநாள் அவள் ரைப் பண்ணிக்கொண்டிருக்கும்போது தன் போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில், கை வைக்கிற இடத்தில் வைத்தாள். திரை கறுத்துப் போனது. எடுத்தாள், வந்தது. வைத்தாள், போனது. பேய் பிடித்துவிட்டது என்று கத்தினோம். அவளின் போன் கவர் புத்தகம் மாதிரி மடிகிற வகை, அதன் நுனியில் ஒரு காந்தம். லப்டொப் மூடியின் ஓரத்திலும் அதே மாதிரி சின்னக் காந்தம் இருக்கிறது. கீழ்ப் பாதிக்குள் இருக்கிற உணரி அந்தக் காந்தம் கிட்ட வருவதைப் பிடிக்கிறது. ஹால் விளைவு என்று அதுக்குப் பேர், எட்வின் ஹால் என்பவர் 1879இல் கண்டுபிடித்தது. மூடி தொடுகிறதோ, கொளுவுகிறதோ அதுக்குத் தேவையில்லை. காந்தம் கிட்ட வந்தால், மூடியாச்சு என்று அது நம்பிவிடும். மன்னார்காரி இரண்டு நாள் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் இதைச் செய்து காட்டினாள்.

சூட்டுக்கும் ஒரு வழி பார்த்தோம். கட்டிலில், மெத்தையில் வைக்கக்கூடாது, அடியில் இருக்கிற காற்றுத் துளைகள் அடைபடும். சில லப்டொப்களில் சூடு கீபோர்டுக்குள்ளாலும் போகும், மூடினால் அந்த வழியும் குறையும். அதால் மேசையில், இரண்டு அழிறப்பரை பின்பக்கம் முட்டுக்கொடுத்து வைத்தோம். பாட்டுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை, விசிறி அநேகமாகச் சுற்றாது.

இரவு 11 மணிக்கு லைற் நிப்பாட்ட வேணும் என்பது அன்ரியின் சட்டம். பாட்டுச் சத்தம் கேட்டு ஒருநாள் கதவடிக்கு வந்தா. கரண்ட் பில்லைப் பற்றித்தான் ஏசப்போறா என்று நினைத்தோம். மூடின லப்டொப்பைப் பார்த்துவிட்டு, "இது ரேடியோவோ பிள்ளையள்?" என்று கேட்டா. விசயத்தைச் சொன்னோம். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா.

1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்கில் கரண்ட் இல்லாத காலம். பட்டரி தடை செய்யப்பட்ட சாமான். ரேடியோ கேட்கிறதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்ற வேணும். அன்ரிக்கு அப்ப எங்கட வயது. தம்பியார் சுற்றுவாராம், இவ கேட்பாவாம். செய்திக்குத்தான் சுற்றுகிறது, செய்தி முடிந்த பிறகு ஒரு பாட்டுக்கும் சுற்றச் சொல்லிக் கெஞ்சுவாவாம். "கை உளைஞ்சு மெதுவாச் சுத்தினா பாட்டும் மங்கிப் போகும். விட்டா நிண்டிடும். அரைவாசிப் பாட்டோட எத்தினை நாள் படுத்திருப்பன்." அன்ரி அண்டைக்குப் பில்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொன்னா.

அதுக்குப் பிறகு நாங்கள் யோசித்தோம், ரேடியோவுக்கு மூடி இருந்ததில்லை. பார்க்க ஒன்றும் இல்லாததால் அதைப் போட்டுவிட்டு மா அரித்தார்கள், சட்டை தைத்தார்கள், நித்திரை கொண்டார்கள். எங்கட மெஷின் பார்க்கச் சொல்லிக் கேட்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது என்ன என்று கை போகும், அரைவாசியில் மாற்றுவோம். மூடி வைத்த பிறகு மாற்ற ஏலாது. வந்ததைக் கேட்க வேணும். அந்த ஒழுங்கில்லாத போல்டரிலிருந்து ஒரு சோகப்பாட்டுக்குப் பிறகு பைலா வரும், இருட்டுக்குள் நாலு பேரும் சிரிப்போம். அட்டன்காரியின் தாத்தா லயத்தில் பாடுகிற பாட்டு, மன்னாரில் பெருநாளுக்குப் போடுகிற பாட்டு என்று ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்றுக்குக் கதை சொல்வாள். முல்லைத்தீவுக்காரி மட்டும் கதை சொல்ல மாட்டாள். மூன்றாவது பாட்டுக்கு அவளின் மூச்சு மாறும். அது எங்களுக்கு மணி அடித்த மாதிரி. அதுக்குப் பிறகுதான் நாங்களும் படுப்போம்.

இனி வருவது நாங்கள் எழுத விரும்பாத பகுதி.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி, நாடு முழுக்க கரண்ட் போனது. குரங்கு மீம்ஸ் பார்த்துச் சிரிக்கவும் போனில் சார்ஜ் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோனதால் அடுத்தடுத்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு. அப்படி ஒரு பின்னேரம். மட்டக்களப்புக்காரி லைப்ரரிக்குப் போயிருந்தாள். அறைக்குள் நாங்கள் மூன்று பேர், நல்ல இருட்டு. ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை, காற்றாடிகளும் நின்று, நாய்கூடக் குரைக்கவில்லை. முல்லைத்தீவுக்காரி கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "பாட்டு ஒண்டு போடுவமோ?" என்றாள். போட்டோம். பட்டரியை மிச்சம் பிடிக்க மூடினோம். நின்றுவிட்டது, ஏனென்றால் பட்டரி நிரலில் இன்னும் ஸ்லீப்தான் இருந்தது. மன்னார்காரி உள்ளே போய் அதையும் டூ நத்திங் ஆக்கினாள். போகிற போக்கில், இவ்வளவு நேரம் தொடாமல் விட்டால் ஸ்லீப்புக்குப் போ என்று இன்னொரு செற்றிங் இருந்தது. பாட்டு இடையில் நிற்கக்கூடாது என்று அதையும் நெவர் ஆக்கிவிட்டாள். அது தேவையே இல்லை, பாட்டு ஓடும்போது அநேகமான பிளேயர்கள் தாங்களே மெஷினை முழிப்பாக வைத்திருக்கும். எங்களுக்கு அது அப்ப தெரியாது. கரண்ட் வந்தது. பிளேன்ரீ ஊற்றினோம். மட்டக்களப்புக்காரி வந்தபோது சொல்ல மறந்துபோனோம். மறந்ததுதான், அந்த இடத்தில் பொய் இல்லை.

சித்திரைப் புத்தாண்டு லீவு. மட்டக்களப்புக்காரி கடைசி நிமிசம் வரைக்கும் அசைன்மென்ட் அடித்து அனுப்பிவிட்டு, சார்ஜரைக் கழற்றி, மூடியை மூடி, லப்டொப்பைச் சாரிக்கும் புளுக்கொடியலுக்கும் நடுவில் பைக்குள் வைத்து இரவு பஸ் ஏறினாள். அவளுடைய கணக்கில் அது நித்திரைக்குப் போய்விட்டது. சார்ஜர் நிரலை மட்டும்தானே அவள் மாற்றினவள். அது நித்திரை கொள்ளவில்லை. பைக்குள், துணிக்குள், மூச்சு விட இடமில்லாமல் முழித்துக்கொண்டே போனது. மடியில் பை சுட்டது என்றாள் பிறகு. போறணையிலிருந்து எடுத்த பாணை மடியில் வைத்த மாதிரி. முன் சீற், எஞ்சின் பக்கம், அந்தச் சூடு என்று நினைத்துவிட்டாள். பாட்டு ஓடியிருந்தால் பக்கத்தில் இருந்தவர்களாவது சொல்லியிருப்பார்கள். அண்டைக்குப் பாட்டும் போடவில்லை.

நாலாம் நாள் எங்கட வட்ஸ்அப் குறூப்பில் அவளின் மெசேஜ்: "லெப்டொப் மௌத்து கா. சார்ஜர் போட்டா வருது, கழட்டினா ரெண்டு நிமிசத்துல நிக்குது." அதுக்குக் கீழே: "அம்மா ஏசுறா, பாட்டுக் கேக்கவா காப்ப அடகு வச்ச எண்டு."

மூன்று ஊரில் மூன்று பேர் அதை வாசித்தோம். மூன்று பேருக்கும் உடனே விளங்கியது. அழுகிற முகம் ஒன்று, அழுகிற முகம் இரண்டு, "ஐயோ பாவம்டி" ஒன்று. அவ்வளவுதான் நாங்கள் அனுப்பினது. தனியாக எங்களுக்குள் கதைத்தோம். இப்ப சொன்னால் அவளின் அம்மாவுக்குத் தெரியும், லீவு முடிந்து போய்ச் சொல்லுவோம், நேரில் சொல்லுவதுதான் மரியாதை. இப்படி நல்ல நல்ல காரணம் எல்லாம் கண்டுபிடித்தோம். லீவு முடிந்து வந்தும் ஆறு நாள் போனது. அதுக்குள் ரச்பாட் மேலே கிளம்பி, அமத்த ஏலாமல் வந்துவிட்டது.

நாலு பேரும் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த அண்ணா அடிப்பக்கத்தைக் கழற்றின உடனேயே, "பட்டரி ஊதியிருக்கு. இதோட இனிப் பாவிக்கக்கூடாது, ஆபத்து" என்றார். பிறகு மூடி வைத்த நேரம் சூடானதா என்று கேட்டார். இவள் பஸ் கதையைச் சொன்னாள். அவர் சார்ஜரைக் குத்தி, பவர் ஒப்ஷன்ஸைத் திறந்து, திரையை எங்கட பக்கம் திருப்பினார். இரண்டு நிரலிலும் டூ நத்திங். "இப்பிடி வைச்சா எப்பிடித் தங்கச்சி நித்திரைக்குப் போகும்?"

"நான் ஒண்டுதானே மாத்தின" என்றாள் மட்டக்களப்புக்காரி.

"நான்தான் பாட்டுக் கேட்டனான்" என்றாள் முல்லைத்தீவுக்காரி.

"மாத்தினது நான்" என்றாள் மன்னார்காரி.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அட்டன்காரி.

கடைக்கார அண்ணா ஸ்குறூக்களை ஒரு மூடிக்குள் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். புதுப் பட்டரி கொழும்பிலிருந்து வர வேணும், 18,000 ரூபா, மூன்று கிழமை. மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் அவள் முன்னுக்கு நடந்தாள். பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகுதான் திரும்பினாள். "மாத்தினது சரி. மறுகா ஏன் சொல்லல்ல?"

அதுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. இப்பவும் இல்லை. அவளை நாங்கள் விரும்புகிறோம் என்பதும், அவளின் அம்மா அவளை ஏசுவதை இருந்து பார்த்தோம் என்பதும் இரண்டும் உண்மை.

18,000ஐ நாலாகப் பிரிப்பம் என்று அவளே சொன்னாள். நாங்கள் மூன்றாகப் பிரித்தோம். ஆளுக்கு 6,000. அட்டன்காரியின் அம்மாவுக்குத் தோட்டத்தில் 2025இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. நாலு நாளுக்கும் மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்திருக்கும். அவள் வீட்டில் கேட்கவில்லை, மகாபொல வரும்வரை கடனாக வைத்தாள். மன்னார்காரி லீவில் தைத்த சட்டைக் காசைத் தந்தாள்.

அந்த மூன்று கிழமையும் பாட்டு இல்லை. போன்களை முறை வைத்துப் போட்டுப் பார்த்தோம். நடுவில் மெசேஜ் சத்தம், விடிய நாலரைக்கு ஒருத்தியின் அலாரம், வெளிநாட்டிலிருந்து ஒருத்தியின் மாமா. முல்லைத்தீவுக்காரி, "எனக்காக ஒண்டும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் தன்னால்தான் எல்லாம் என்று நினைக்கிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது. நாலாம் இரவோ ஐந்தாம் இரவோ, மட்டக்களப்புக்காரி இருட்டில் திடீரென்று கதைக்கத் தொடங்கினாள். களுவாஞ்சிக்குடியில் அவளின் அம்மம்மா நண்டுக் குழம்பு வைக்கிற விதம். தேங்காய் துருவுகிறதிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல். நண்டு சட்டிக்குள் போக முதலே முல்லைத்தீவுக்காரியின் மூச்சு மாறிவிட்டது. அடுத்த நாள் அட்டன்காரியின் முறை. அவள் அரசியல் விஞ்ஞான நோட்ஸை மனப்பாடமாகச் சொன்னாள், அதுக்கு நாங்கள் எல்லாருமே நித்திரையாகிவிட்டோம்.

பட்டரி வந்தது. இப்ப சார்ஜர் நிரலில் டூ நத்திங், பட்டரி நிரலில் ஸ்லீப், தொடாமல் விட்டால் பத்து நிமிசத்தில் ஸ்லீப். ஆரும் ஒன்றையும் மாற்றினால் மற்ற மூன்று பேருக்கும் சொல்ல வேணும் என்று அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். ஊருக்குப் போகிற நாளில் ஷட் டவுன் செய்து, விசிறி நிற்கும் வரைக்கும் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பைக்குள் வைக்கிறாள். அம்மாவுக்கு நாங்கள் மூன்று பேரும் ஸ்பீக்கர் போனில் ஒரே நேரத்தில் உண்மையைச் சொன்னோம். "வச்ச காப்ப இன்னும் மீட்கல்ல புள்ளையள், நல்லாப் படிங்க" என்றா.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. எங்கட மெஷினில், மூடி மூடியிருக்கும்போது கரண்ட் போனால் பாட்டும் நின்றுவிடும். போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை, ஒரு மணியளவில் கரண்ட் போனது. பாட்டு அரைவாசியில் நின்றது. மேற்குப்பக்கக் கட்டிலில் அவள் எழும்பி இருக்கிற சத்தம் கேட்டது. ஆர் முழித்திருக்கிறா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒருத்தரும் அசையவில்லை. பிறகு மன்னார்காரி, நித்திரைக் குரலில், "எங்கட வீட்டில கருவாடு போடுறதெண்டால் முதல் கல்லுப்பைக் கழுவோணும்" என்று தொடங்கினாள்.